நரம்பியல் மருத்துவத்தில் தேர்வு மொழியும் நோயர் மொழியும்: பெங்களூர் வழி ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

மருத்துவத்தின் பிற துறைகளைக் காட்டிலும் நரம்பியல் மொழியோடு நெருங்கிய தொடர்புடையது. இதயத்தின் ஒலியைக் கருவி கொண்டு கேட்கலாம். எலும்பின் முறிவைப் படம் கொண்டு காணலாம். நோயர் தம் கைகால்களில் உணர்வதும், நினைவு தப்பிய கணத்தில் அவருக்கு நேர்ந்ததும் சொற்கள் வழியாகவே மருத்துவரை அடைகின்றன. பேச்சும் நினைவுமே பழுதுபட்ட நோயில், மொழி செய்தியைச் சுமந்து வருவதோடு ஆய்வுப் பொருளாகவும் ஆகிவிடுகின்றது. எனினும் இந்தியாவில் நரம்பியல் வல்லுநராவதற்கான கல்வியும் தேர்வும் முற்றிலும் ஆங்கிலத்திலேயே அமைந்துள்ளன. நோயர் தமிழிலோ கன்னடத்திலோ கூறுவதை ஆங்கிலத்தில் எடுத்துரைப்பதே தேர்வின் மையச் செயலாகும். மொழிபெயர்ப்பு என்று பெயரிடப்படாத இம்மொழிபெயர்ப்பின் வரலாற்றைப் பெங்களூரை மையமாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. நிறுவனங்களின் தோற்றம்

இந்திய நரம்பியலின் தொடக்கம் தென்னகத்தோடு பிணைந்தது. 1949இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி நரம்பு அறுவை மருத்துவத் துறையைத் தொடங்கினார். 1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தி அத்துறையில் பணியை மேற்கொண்டார். இவ்விருவரும் எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோருடன் இணைந்து 1951இல் இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினர். பல்கலைக்கழகங்களில் இத்துறைக்கெனத் தனிப் பட்டங்கள் பரவலாவதற்கு முன்னரே, கழகத்தின் ஆண்டுக் கூட்டங்கள் தொடர்கல்விக்குக் களமாக விளங்கின.

பெங்களூரின் வரலாறு மனநல மருத்துவத்திலிருந்து கிளைத்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்குத் தோன்றிய மனநோயர் காப்பகம் பின்னர் மைசூர் அரசு மனநல மருத்துவமனையாக வளர்ந்தது. 1954இல் அதன் அருகே அகில இந்திய மனநல நிறுவனம் அமைக்கப்பட்டது, எம்.வி. கோவிந்தசாமி அதன் முதல் இயக்குநர். 1974இல் மருத்துவமனையும் நிறுவனமும் இணைந்து தேசிய மனநல நரம்பு அறிவியல் நிறுவனம் உருவாயிற்று. ‘நிம்ஹான்ஸ்’ என்று மக்கள் வழங்கும் இந்நிறுவனம் 1994இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று; 2012ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. மனநல மருத்துவம், நரம்பியல், நரம்பு அறுவை மருத்துவம், உளவியல், பேச்சு நோயியல் ஆகியன ஒரே வளாகத்தில் அமைந்தமை இதன் தனிச்சிறப்பு. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, மலையாளம் பேசுவோர் ஒரே புறநோயர் பிரிவில் கூடுவது மற்றொரு சிறப்பு.

3. தேர்வும் தொடர்கல்வியும்

அமெரிக்காவில் மனநல மருத்துவத்திற்கும் நரம்பியலுக்குமான வாரியம் 1934இல் அமைந்தது. இந்தியாவில் இரு வழிகள் உருவாயின. பல்கலைக்கழகங்களும் நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்களும் வழங்கும் டி.எம். பட்டம் ஒரு வழி. 1975இல் தேசிய மருத்துவ அறிவியல் கழகத்தின் ஒரு பிரிவாகத் தோன்றி, 1982இல் தனி அமைப்பாகிய தேசியத் தேர்வு வாரியம் வழங்கும் பட்டம் மற்றொரு வழி. பட்டம் பெற்றபின்னும் கல்வி முடிவதில்லை. 2002ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கழக ஒழுங்குமுறை விதிகள், மருத்துவர் ஒவ்வொருவரும் ஐந்தாண்டுகளில் குறைந்தது 30 மணி நேரம் தொடர்கல்வியில் ஈடுபட வேண்டும் என்று வகுத்தன.

டி.எம். இறுதித் தேர்வு எழுத்துத் தாள்களையும் நோயரை நேரில் ஆராயும் செய்முறைப் பகுதியையும் கொண்டது. மாணவர் வழக்கில் ‘லாங் கேஸ்’ எனப்படும் பகுதியில் தேர்வர் ஒரு நோயரிடம் நெடுநேரம் உரையாடி, நோய் வரலாற்றைத் தொகுத்து, உடலை ஆராய்ந்து, தேர்வாளர் முன் ஆங்கிலத்தில் எடுத்துரைப்பார். புண் எங்குள்ளது, அதன் இயல்பு என்ன என்னும் இரு வினாக்களுக்கு விடை காண்பதே நோக்கம். தேர்வாளர் பெரும்பாலும் நோயரின் மூலச் சொற்களைக் கேட்பதில்லை. தேர்வரின் ஆங்கிலப் பெயர்ப்பையே கேட்கிறார். பெயர்ப்பில் நேரும் பிழை தர்க்கத்தின் பிழையாகத் தோன்றுவதில்லை என்பதால் அது கண்டறியப்படாமலே போகக்கூடும்.

தேர்வுக்குப் படிக்கும் நூல்கள் பெரும்பாலும் மேலைநாட்டில் எழுந்தவை. ஆயின் இம்மண்ணின் நோய்கள் சில இங்கேயே விவரிக்கப்பட்டவை. தலையில் சூடான நீரை ஊற்றிக் குளிக்கும்போது தோன்றும் சுடுநீர் வலிப்பைக் கே.எஸ். மணியும் உடன் ஆய்ந்தோரும் 1968இல் வெளியிட்டனர். தென் கருநாடகத்தில் அது மிகுதியாகக் காணப்படுகின்றது. இளம் வயதினரைத் தாக்கும் இயக்க நரம்பணு நோயின் ஒரு வகையை மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், இராமமூர்த்தி ஆகியோர் 1970இல் விவரித்தனர்; அது ‘மெட்ராஸ்’ என்னும் ஊர்ப்பெயரோடு உலக நூல்களில் வழங்குகின்றது. ‘குளிக்கும்போது வருகிறதா, வெந்நீரா தண்ணீரா’ என்று வினவத் தெரிந்த தேர்வருக்கே முதல் நோய் புலப்படும். அவ்வினா நோயரின் மொழியில் எழ வேண்டிய வினா.

4. மூர்ச்சை: ஒரு சொல், இரு நோய்

பெங்களூர்ச் சூழலில் எழும் சிக்கலுக்குச் சிறந்த சான்று ‘மூர்ச்சை’ என்னும் வடசொல். தமிழில் ‘மூர்ச்சையானார்’ என்றால் மயங்கி விழுந்தார் என்பதே பொருள். அச்சமோ பசியோ துயரமோ காரணமாகலாம். கன்னடத்தில் இதே சொல் ‘மூர்ச்செ’ என வழங்கி, ‘மூர்ச்செ ரோக’ என்னும் தொடரில் வலிப்பு நோயைக் குறிக்கின்றது. நரம்பியல் புறநோயர் பிரிவில் முதலில் தீர்க்க வேண்டிய வினாக்களுள் ஒன்று, நோயருக்கு வந்தது இரத்த ஓட்டம் குறைந்தமையால் நேர்ந்த மயக்கமா, மூளையின் மின்செயல் பிறழ்வால் நேர்ந்த வலிப்பா என்பதாகும். அவ்வேறுபாட்டையே இச்சொல் அழித்துவிடுகின்றது. தமிழ்த் தாய் ‘மூர்ச்சை’ என்று கூறுவதைக் கன்னடம் அறிந்த மருத்துவர் வலிப்பு என எழுதிவிட இடமுண்டு. இதன் மறுதலையும் நேரலாம்.

இது சொல்லாராய்ச்சியோடு நிற்கும் செய்தியன்று. வலிப்பு என்னும் பெயர் நோயரின் வாழ்வில் ஆழ்ந்த விளைவுகளை உண்டாக்குவது. 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இந்துத் திருமணச் சட்டம், திரும்பத் திரும்ப வரும் மனநோயோடு வலிப்பு நோயையும் திருமணத் தகுதிக்குத் தடையாக வைத்திருந்தது. 1999ஆம் ஆண்டுத் திருத்தமே ‘வலிப்பு’ என்னும் சொல்லை அப்பிரிவிலிருந்து நீக்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் மருத்துவச் சீட்டில் எழுதப்பட்ட ஒரு தவறான சொல் ஒரு பெண்ணின் மணவாழ்வையே வழக்காக்கும் ஆற்றல் பெற்றிருந்தது. சட்டம் மாறியபின்னும் ஊர் வழக்கில் அப்பெயரின் சுமை முற்றிலும் குறைந்துவிடவில்லை.

5. தமிழ்ச் சொற்களின் பன்பொருண்மை

இரு மொழிகளுக்கு இடையில் மட்டுமன்றித் தமிழுக்குள்ளேயே இத்தகைய சிக்கல்கள் உள. சில சான்றுகளைக் காணலாம்.

‘மயக்கம்’ என்பது தலைசுற்றல், கண் இருளல், நினைவிழப்பு, மருந்தால் வரும் உணர்விழப்பு ஆகிய அனைத்தையும் குறிக்கும். ‘இழுப்பு’ என்பது வலிப்பையும் குறிக்கும், மூச்சிரைப்பையும் குறிக்கும். ‘குழந்தைக்கு இழுப்பு வந்தது’ என்னும் தொடர் ஒரு வட்டாரத்தில் நரம்பியல் நோயையும் மற்றொன்றில் நுரையீரல் நோயையும் சுட்டக்கூடும். ‘வாதம்’ பக்கவாதத்தில் மூளையையும், இளம்பிள்ளை வாதத்தில் முதுகுத் தண்டையும், முடக்கு வாதத்தில் மூட்டையும் சார்ந்தது. ‘மரத்துப்போதல்’ உணர்வின்மையைக் குறிப்பதாக அகராதிகள் கூறும். ஆனால் நோயர் குறுகுறுப்பையும், சில வேளை வலுவிழப்பையும்கூட இச்சொல்லாலேயே உணர்த்துவர். உணர்வு நரம்பின் கேடும் இயக்க நரம்பின் கேடும் இங்கு ஒரே சொல்லில் மறைகின்றன. ‘பேச்சு வரவில்லை’ என்பது நாவும் உதடும் இயங்காமையையும் குறிக்கலாம். சொல்லே நினைவில் எழாமையையும் குறிக்கலாம். முன்னது உச்சரிப்புக் கேடு, பின்னது மொழியிழப்பு. மூளையில் இவற்றின் இருப்பிடங்கள் வேறு.

துறையின் பெயர்ச்சொல்லே இதற்கு விலக்கன்று. ‘நரம்பு’ என்பது சங்க இலக்கியத்தில் யாழின் தந்தியைக் குறித்தது. மக்கள் வழக்கில் இன்றும் இரத்தக் குழாயையும் தசைநாணையும் குறிக்கின்றது. ‘நரம்பு சுருட்டிக்கொண்டது’ என்று வருபவர் பெரும்பாலும் சிரை நோயர். கிரேக்க ‘நியூரான்’ என்பதும் முதலில் தசைநாணையும் வில்லின் நாணையும் குறித்தமை ஒப்பிடத்தக்கது. ஆங்கிலத்தில் இச்சொல்லின் பொருள் கலைச்சொல்லாகக் குறுகியதற்குச் சில நூற்றாண்டுகள் தேவைப்பட்டன.

தமிழில் அத்தகைய முயற்சி இல்லாமலில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். 1860களில் ஆங்கில வழியை விடுத்துத் தமிழ் வழியை மேற்கொண்டார். ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872) உள்ளிட்ட நூல்கள் அம்முயற்சியின் பயன். அவர் வழி தொடர்ந்திருப்பின் மருத்துவக் கல்விக்கும் நோயர் வழக்கிற்கும் இடையே ஒரு பாலம் நின்றிருக்கும். அது தொடரவில்லை. பின்வந்த கலைச்சொல் தொகுதிகள் ஆங்கிலச் சொல்லுக்கு நேர் தமிழ்ச்சொல் தருவதில் கருத்தூன்றின. நோயர் சொல்லுக்கு மருத்துவப் பொருள் காணும் எதிர்த்திசை அகராதி போதிய கவனம் பெறவில்லை.

6. ஆய்வுக் கருவிகளின் மொழிபெயர்ப்பு

நினைவாற்றலையும் மொழித்திறனையும் அளக்கும் வினாத்தொகுதிகள் தேர்விலும் நாள்தோறுமான பணியிலும் இடம்பெறுவன. 1975இல் அமெரிக்காவில் உருவான சிறு மனநிலை ஆய்வு அவற்றுள் புகழ்பெற்றது. அதில் ‘இப்’, ‘அண்ட்’, ‘பட்’ என்னும் இடைச்சொற்களை அடுக்கிய ஒரு தொடரை நோயர் திருப்பிக் கூற வேண்டும். தமிழில் நிபந்தனைப் பொருள் ‘-ஆல்’ என்னும் ஈற்றாலும், இணைப்புப் பொருள் ‘-உம்’ என்னும் ஒட்டாலும் உணர்த்தப்படுகின்றன. ‘ஆனால்’ மட்டுமே தனிச்சொல். ஆகவே சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கருவி சோதிக்க விரும்பிய திறனே சோதிக்கப்படாது போகும். ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லைப் பின்னோக்கி எழுத்துக்கூட்டும் வினாவும் அத்தகையதே. ‘உலகம்’ என்பதைத் திருப்பினால் ‘ம்’ என்னும் மெய் முதலில் நிற்கும். தமிழில் சொல்லின் முதலில் மெய் தனித்து வாராது.

நிம்ஹான்ஸ் 2004இல் வெளியிட்ட நரம்பு உளவியல் தொகுதியில் க, ப, ம என்னும் எழுத்துகளில் தொடங்கும் சொற்களைக் கூறும் சோதனை உண்டு. கன்னடத்தில் பகர வரிசை நான்கு எழுத்துகளாகப் பிரிகின்றது. தமிழில் ‘ப’ ஒன்றே. தமிழ் நோயர் ‘பயம்’, ‘பாக்கி’ என்று ஒலிப்புடை ஒலியில் தொடங்கும் சொற்களைக் கூறினால் அவற்றை ஏற்பதா, தள்ளுவதா? எழுத்தறிந்தவர் எழுத்தை நோக்குவர். எழுத்தறியாதவர் ஒலியை நோக்குவர். ஒரு மொழியினரிடம் பெற்ற சராசரியை மற்றொரு மொழியினர்க்குப் பொருத்துவது தவறான நோய்முடிவிற்கு வழிவகுக்கும்.

இதனை உணர்ந்த முயற்சிகள் உள. 1995இல் வெளிவந்த இந்தி மனநிலை ஆய்வு, எழுத்தறியாத சிற்றூர் முதியோர்க்கென வினாக்களையே மாற்றியமைத்தது. 2020இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நரம்பு அறிதிறன் கருவித்தொகுதி இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் முதலில் வடிவம் பெற்றது. அம்முதல் ஐந்தில் தமிழ் இடம்பெறாமை தமிழ் மொழியியலார் கருதத்தக்கது. சுவர்ணா அல்லாதியும் உடன் ஆய்ந்தோரும் ஐதராபாத்தில் 648 நோயரை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு, இருமொழியாளர்க்கு நினைவுத்திறன் சிதைவு ஏறத்தாழ 4.5 ஆண்டுகள் பிந்தித் தொடங்கியதைக் காட்டியது. எழுத்தறியாதவரிடத்தும் இது காணப்பட்டது. பன்மொழிச் சூழல் ஆய்வுக்குத் தடையாக மட்டுமே கருதப்பட்ட நிலை மாறி, அதுவே அறிவிற்கு ஊற்றாகலாம் என்பது இதனால் தெளிவாயிற்று.

7. முடிவுரை

நரம்பியல் கல்வி கடந்த எழுபதாண்டுகளில் நிறுவன அளவில் பெரிதும் வளர்ந்துள்ளது. பட்டங்களும் வாரியங்களும் தொடர்கல்வி மணிகளும் வரையறை பெற்றுள்ளன. நோயரின் சொல்லை ஆராயும் பயிற்சி மட்டும் அவ்வரையறைக்குள் வரவில்லை. மூத்தோர் படுக்கையருகே கூறும் குறிப்புகளாகவே அது கைமாறி வருகின்றது. ஆங்கிலத் தேர்வை அகற்றுவது இதற்குத் தீர்வாகாது. பல மாநில மருத்துவர் ஒருங்கே கற்கும் நிறுவனத்தில் பொதுமொழி ஒன்று வேண்டுவதே. வேண்டப்படுவன மூன்று. நோயர் சொற்களை வட்டாரக் குறிப்போடு தொகுத்து, ஒவ்வொன்றும் தரக்கூடிய மருத்துவப் பொருள்களை வகைப்படுத்தும் அகராதி ஒன்று. ‘மூர்ச்சை’ போன்ற இனச்சொற்களின் தென்மொழி ஒப்பீடு இரண்டு. நோயரின் மூலச் சொல்லையும் தேர்வர் கூறுமாறு கேட்கும் வழக்கம் மூன்று. முதலிரண்டும் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் செய்யத்தக்க பணிகள். அவை நிறைவேறும்வரை, ஒருவர் மயங்கினாரா வலிப்புற்றாரா என்னும் வினா மருத்துவரின் காதில் விழும் மொழியைப் பொறுத்தே விடை பெறும்.