ஒரு பிடி அரிசி

காஞ்சிபுரத்துலேருந்து உத்திரமேரூர் வர்ற ரோட்டுல, பாலாத்தங்கரையில ஓரிக்கைன்னு ஊர். எங்க மாகறலுக்கு பஸ்ல வர்றவங்க அங்க இருக்கிற கருங்கல் மணிமண்டபத்தைப் பார்த்திருப்பீங்க. காஞ்சி மகா பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகளுக்காகக் கட்டினது. 2011ல கும்பாபிஷேகம் ஆச்சு. கல்லு வேலை அவ்வளவு அழகு. ஆனா அவர் வாழ்ந்த வாழ்க்கை கல்லு மண்டபத்து வாழ்க்கை இல்ல. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

1894ல விழுப்புரத்துல பிறந்தார். பேர் சுவாமிநாதன். திண்டிவனத்துல அமெரிக்க மிஷன் பள்ளிக்கூடத்துல படிச்சிட்டிருந்த பையன். 1907ல மடத்து குரு காலமானார். அடுத்து பட்டத்துக்கு வந்த இவரோட பெரியம்மா பையனும் சில நாள்லயே போய்ச் சேர்ந்துட்டார். கலவையில வச்சு, 13 வயசு நிரம்பாத இவருக்கு காவி கட்டினாங்க. அவரா கேட்டு வாங்கின பதவி இல்ல அது.

1919ல கிளம்பி நாடு பூரா யாத்திரை. 20 வருஷம் ஆச்சு திரும்ப. பட்டு வேண்டாம்னு கதர் கட்டினார். பல்லக்கை விட்டுட்டு நடந்தார். 1978ல, 84 வயசை நெருங்கும்போது மறுபடி கிளம்பினார். ஒரு சைக்கிள் ரிக்ஷாவைப் பிடிச்சுக்கிட்டு கர்நாடகா, ஆந்திரா, மகாராஷ்டிரான்னு நடந்து, 1984லதான் காஞ்சிக்குத் திரும்பினார். காஞ்சிக்குப் பக்கத்துல தேனம்பாக்கத்துல சின்ன இடத்துல ரொம்ப நாள் தங்கியிருந்தார். சாப்பாடு பெரும்பாலும் நெல்பொரியும் பாலும். 1994 ஜனவரி 8ல காலமானார்.

1931ல பால் பிரண்டன்னு ஒரு வெள்ளைக்காரர் குருவைத் தேடி செங்கல்பட்டுல வந்து இவரைப் பார்த்தார். சீடனா சேர்த்துக்கிட்டா மடத்துக்குப் பெருமைதானே? இவரோ, திருவண்ணாமலையில இருக்கிற ரமணரைப் போய்ப் பாருங்கன்னு வழி காட்டி அனுப்பிட்டார். என்னைப் பொறுத்தவரை பணிவுன்னா இதுதான்.

சாதி, வர்ணம் பத்தி அவர் சொன்னதை என்னால ஏத்துக்க முடியல. அதை மறைச்சுட்டு எழுத மனசு வரல. ஆனா, நெல்லு போடுறவன் நான். அவர் சொன்ன பிடி அரிசித் திட்டத்தை மட்டும் விட முடியல.

விஷயம் ரொம்ப சின்னது. உலை வைக்கும்போது தினம் ஒரு பிடி அரிசியைத் தனியா ஒரு பானையில போடணும், கூடவே ஒரு காசு. வாரத்துக்கு ஒரு தடவை அதைச் சேர்த்து, அந்தந்த ஊர்க் கோயில்லயே பொங்கி, சாமிக்குப் படைச்சிட்டு ஏழைகளுக்குப் போடணும். காசு விறகு மாதிரி செலவுக்கு.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு பிடி 50 கிராம்னு வச்சா மாசத்துக்கு ஒண்ணரை கிலோ. 100 வீடு போட்டா 150 கிலோ, 75 கிலோ மூட்டையில ரெண்டு மூட்டை. எந்த வீடும் இதனால ஏழையாகாது. பணக்காரன் ஒருத்தன் போடுற அன்னதானத்துல அவன் பேர் நிக்கும். இதுல யார் போட்ட பிடி எதுன்னு யாருக்கும் தெரியாது. கூலி வேலைக்குப் போற அம்மா போட்டதும், பத்து ஏக்கர்காரர் போட்டதும் ஒரே சோறா வெந்துடும்.

மண்டபம் கட்ட கோடி வேணும். இதுக்கு ஒரு பானை போதும். அறுப்பு முடிஞ்சு புது அரிசி வரும்போது எங்க தெருவுல பத்து வீட்டுல கேட்டுப் பார்க்கலாம்னு இருக்கேன். உங்க ஊர்லயும் யாராவது ஆரம்பிங்களேன்.