பிரீஃப் தோட்டம்

பிரீஃப் தோட்டம் என்பது இலங்கையின் களுத்துறை மாவட்டத்தில், அளுத்கமை நகருக்கு அண்மையில் அமைந்துள்ள ஒரு தோட்டமும் இல்லமும் ஆகும். நிலத்தோற்றக் கலைஞரும் சிற்பியுமான பெவிஸ் பாவா (1909–1992) இங்கு வாழ்ந்தார். இவர் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் அண்ணன் ஆவார். தற்பால் ஈர்ப்புக் கொண்ட ஒரு கலைஞரின் வாழ்க்கைத் தடயங்களை அவர் வாழ்ந்த இடத்திலேயே காணக்கூடிய தெற்காசிய இல்லங்களுள் இதுவும் ஒன்று.

வரலாறு

வழக்கறிஞரான தந்தை பெஞ்சமின் பாவா, ஒரு வழக்கில் ஈட்டிய பணத்தைக் கொண்டு இந்நிலத்தை வாங்கினார் எனவும், வழக்குக் குறிப்பைச் சுட்டும் ஆங்கிலச் சொல்லே இதற்குப் பெயராயிற்று எனவும் கூறப்படுகிறது. இறப்பர்த் தோட்டமாக இருந்த இதன் ஒரு பகுதியை 1929 முதல் பெவிஸ் பூந்தோட்டமாக மாற்றத் தொடங்கினார். இதன் தூண்டுதலால் ஜெஃப்ரி பின்னர் பெந்தோட்டைக்கு அருகே லுனுகங்கா தோட்டத்தை உருவாக்கினார். பெவிஸ் தமது உடைமையைத் தம்மிடம் பணியாற்றியவர்களுக்கு விட்டுச் சென்றார். தோட்டமும் இல்லமும் பின்னர் பார்வையாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன.

கலைப்பொருட்கள்

ஆடையற்ற ஆண் உருவச் சிற்பங்கள் தோட்டத்திலும் வீட்டினுள்ளும் இடம்பெற்றுள்ளன. ஆஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் பிரெண்ட் 1957 முதல் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் இங்கு தங்கியிருந்தார். அவர் தீட்டிய பெரிய சுவரோவியம் ஒன்றும் இங்கு உள்ளது.

வரலாற்றை விளக்குதல்

இத்தகைய இல்லங்களில் உரிமையாளரை 'மணமாகாதவர்' என்று மட்டும் குறிப்பிட்டால், அங்குள்ள கலைப்பொருட்களின் பொருள் பார்வையாளருக்கு விளங்காது போகும். ஆயினும் வெளிப்படையாகக் கூறுவதற்குச் சட்டச் சூழலும் தடையாக இருந்தது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவை ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கியது. பெவிஸின் வாழ்நாள் முழுவதும் அச்சட்டம் நடைமுறையில் இருந்தது. இதனை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என இலங்கை உயர் நீதிமன்றம் 2023இல் தீர்மானித்தது.

பிரெண்டின் சுவரோவியம் வேறொரு சிக்கலை எழுப்புகிறது. அவர் பின்னாளில் பாலித் தீவில் சிறுவர்களுடன் பாலுறவு கொண்டதை, இறப்புக்குப் பின் வெளியான அவரது நாட்குறிப்புகள் காட்டுகின்றன. தற்பால் ஈர்ப்பு வேறு, சிறுவர் மீதான பாலியல் வன்முறை வேறு. முன்னையதை மறைத்தால் வரலாறு இழக்கப்படும். பின்னையதை மறைத்தால் பாதிக்கப்பட்டோர் மறக்கப்படுவர்.

தொடர்புடைய இல்லங்கள்

ஒளிப்படக் கலைஞர் லயனல் வென்டின் (1900–1944) கொழும்பு இல்லத்தில் '43 குழு' என்னும் ஓவியர் அமைப்பு 1943இல் தோன்றியது. அவ்வில்லம் இன்று இல்லை. அவ்விடத்தில் அவர் பெயரிலான அரங்கம் உள்ளது. லுனுகங்காவும், கொழும்பில் ஜெஃப்ரி வாழ்ந்த இல்லமும் பேணப்பட்டு வருகின்றன.