இனிப்பில்லாத கோக்கோவும் தய்யிபான உணவும்: ஒரு வரலாற்றுப் பார்வை

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

நாஞ்சில் நாட்டு முஸ்லிம் இல்லங்கள் சிலவற்றில் இன்று ஒரு புதிய உணவு ஒழுங்கு காணப்படுகிறது. நீரிழிவுக்கு அஞ்சி, சீனியையும் மைதாவையும் பொட்டலத் தின்பண்டங்களையும் அறவே விலக்கி, மண்ணிலிருந்து வந்த வடிவத்திற்கு மிக நெருங்கிய உணவையே உண்பது என்று உறுதி பூண்டவர்கள் நம்மிடையே உள்ளனர். தவிடு நீக்காத அரிசி, மீன், பயறு, தேங்காய், கீரை, பழம் என்று அவர்களுடைய தட்டு அமைகிறது. அத்தகைய வீட்டு அடுக்களையிலும் சீனி சேராத கோக்கோத் தூள் ஒரு டப்பாவில் இருப்பதுண்டு. ‘இது முழு உணவா, ஆலைப் பண்டமா?’ என்ற கேள்வி எழுகிறது. ‘நமக்கு அது ஹராம்’ என்று ஒருவர் விளையாட்டாகச் சொல்லவும் செய்கிறார். இக்கேள்விக்கு விடை காண, அத்தூள் கடந்து வந்த வழியை நாம் அறிதல் வேண்டும். அவ்வழியின் ஒரு கிளை நம் ஊர்களுக்கு அருகிலேயே செல்கிறது.

கோக்கோ அமெரிக்கக் கண்டத்தின் மரம். மாயா, அஸ்டெக் மக்கள் அதன் விதையை வறுத்து அரைத்து, மிளகாயும் சோளமாவும் கலந்து, நுரை பொங்க ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்தில் ஊற்றிப் பருகினர். நம் சாயாக் கடையில் ஆற்றுவதைப் போன்ற செயல்தான் அது. சில வேளைகளில் தேன் சேர்த்தனர். கரும்புச் சர்க்கரையை அவர்கள் அறியார். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அந்நாடுகளைக் கைப்பற்றிய பின்னரே அப்பானத்தில் சர்க்கரை புகுந்தது. அச்சர்க்கரையை விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கடத்தப்பட்ட மக்கள். அவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. ஆகவே கோக்கோவின் இயல்பு கசப்பே. இனிப்பு பிற்காலத்தில் வந்து சேர்ந்தது.

புதிய பானம் எதுவாயினும் சமயத்தாரிடையே விவாதம் எழுவது வழக்கம். 15ஆம் நூற்றாண்டில் யமன் நாட்டு ஸூஃபிகள் இரவு திக்ருக்கு விழித்திருக்கக் காப்பி அருந்தினர். 1511இல் மக்காவில் அது தடை செய்யப்பட்டு, பின்னர் அத்தடை நீங்கியது. ஸ்பெயினிலோ, சாக்லேட் பானம் கிறிஸ்தவர்களின் விரதத்தை முறிக்குமா என்பதை ஆராய்ந்து 1636இல் ஒரு நூலே வெளியாயிற்று. நம் நோன்பில் பருகும் எதுவும் நோன்பை முறிக்கும் என்பதால் அவ்வையம் நமக்கு எழவில்லை. ஆயினும் ஒரு பானத்தை விலக்குவதற்கு முன் அதன் தன்மையை ஆராய வேண்டும் என்னும் பாடம் இவ்விரு நிகழ்ச்சிகளிலும் உண்டு.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மரின் படையிடம் டச்சுக்காரர் தோற்றனர். அவர்கள் நாடி வந்தது நம் மிளகு. அதே டச்சுக்காரர் கிழக்கே, இன்றைய இந்தோனேசியாவிலுள்ள அம்போன் தீவில் கிராம்பு வணிகத்தைத் தம் பிடியில் வைத்திருந்தனர். 1796இல் ஆங்கிலேயர் அத்தீவைக் கைப்பற்றினர். இரண்டாண்டுகளில், 1798இல், அங்கிருந்து கோக்கோ குற்றாலத்திற்குக் கொண்டுவரப்பட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தோட்டங்களில் நடப்பட்டது. இந்தியாவில் கோக்கோ வேரூன்றிய வரலாறு அங்கேதான், நம் மாவட்டத்திற்கு வடக்கே அதே மலைத்தொடரின் அடிவாரத்தில், தொடங்குகிறது.

கிராம்பும் சாதிக்காயும் குற்றாலத்தில் பயிரிடப்பட்டன. இன்று நம் மாறாமலைக் கிராம்பு புகழ் பெற்றது. நம் நெய்ச்சோறு அதன்றி மணப்பதில்லை. கோக்கோ மட்டும் நம் அடுக்களைக்குள் நுழையவில்லை. அதன் காரணங்களுள் ஒன்று எளிதில் விளங்கும். கிராம்பு மொட்டைப் பறித்து வெயிலில் காய வைத்தாலே போதும். கோக்கோவோ அவ்வாறன்று. காயைப் பிளந்தால் வெண்மையான சதை இருக்கும்; அது இனிப்பானது, அப்படியே சுவைக்கலாம். அதனுள் இருக்கும் விதையைப் பல நாள் புளிக்க வைத்து, உலர்த்தி, வறுத்து, தோல் நீக்கி, அரைத்தால்தான் நாம் அறிந்த மணமும் சுவையும் தோன்றும்.

இத்தனைக்கும் பிறகு கிடைப்பது விதையின் முழு விழுதே. அதில் பாதி அளவு கொழுப்பு. இவ்விழுதை அழுத்திக் கொழுப்பைப் பிரிக்கும் இயந்திரத்திற்கு 1828இல் நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பத்தார் உரிமை பெற்றனர். எஞ்சிய பிண்ணாக்கைப் பொடித்ததுதான் கோக்கோத் தூள். அது நீரில் நன்கு கலக்கவும் கசப்புக் குறையவும் காரப்பொருளும் சேர்த்தனர். அதனால்தான் அம்முறைக்கு ‘டச்சு முறை’ என்ற பெயர் இன்றும் நிலைத்துள்ளது. இம்முறையில் நிறம் கறுக்கும். கோக்கோவில் நன்மை தருவனவாகக் கருதப்படும் ஃபிளேவனாய்டுகள் குறையும்.

ஆகவே முதற்கேள்விக்கு விடை தெளிவு. கோக்கோத் தூள், கடுமையான பொருளில், முழு உணவன்று. எண்ணெய் ஆட்டிய பின் எஞ்சும் தேங்காய்ப் பிண்ணாக்கைப் போல அது ஒரு பகுதியே. வறுத்து உடைத்த விதைத் துண்டுகளே முழுமைக்கு நெருக்கமானவை. எனினும் சீனியும் பாற்பொடியும் கலந்த சத்துமாவுப் பானங்களோடு அதை ஒன்றாக வைத்தல் நியாயமன்று. வாங்குவோர் மேலுறையைப் படிக்கட்டும். ‘கோக்கோ’ என்பதன்றி வேறொன்றும் இல்லாததையும், காரப்பொருள் சேராததையும் தேர்ந்தெடுக்கட்டும். ஒரு தேக்கரண்டித் தூளை வெந்நீரில் கரைத்து, சுக்கும் ஏலமும் சேர்த்து, ஒரு பேரீச்சம்பழத்தைக் கடித்துக்கொண்டு பருகலாம். கருப்பட்டி நம் மண்ணின் பொருளாயினும், அக்கானியைக் காய்ச்சி எடுத்த சர்க்கரையே அது. நீரிழிவு உள்ளவர் இதை மறத்தலாகாது. சிறுநீரகக் கல் உள்ளோர் மருத்துவரைக் கேட்டு அருந்துவது நலம். கோக்கோவில் ஆக்சலேட் மிகுதி.

ஆனால் இரண்டாம் செய்தியே நமக்குப் பெரிது. அல்பகரா அத்தியாயத்தின் 168ஆம் வசனம் பூமியிலுள்ளவற்றில் ஹலாலானதையும் தய்யிபானதையும் உண்ணுமாறு மனிதர் அனைவரையும் அழைக்கிறது. அல்மாயிதாவின் 87ஆம் வசனமோ, அல்லாஹ் அனுமதித்த நல்லவற்றை நம்மீது நாமே தடை செய்துகொள்ள வேண்டாம் என்றும், வரம்பு மீற வேண்டாம் என்றும் எச்சரிக்கிறது. உடல்நலம் கருதி ஒன்றைத் தவிர்ப்பது அறிவுடைமை. அதற்கு ‘ஹராம்’ என்று பெயரிடும் உரிமை நமக்கில்லை. விளையாட்டுப் பேச்சிலும் அச்சொல்லைக் குழந்தைகள் முன் இறக்கிவிடக் கூடாது. உணவுப் பட்டியல் நாம் வகுத்தது, நாளை மாறலாம். ஹலாலும் ஹராமும் அவன் வகுத்தவை.

மேலும், தய்யிப் என்பது சீனியின்மையோடு முடிவதில்லை. இன்று உலகின் கோக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளிலிருந்து வருகிறது. அங்குள்ள தோட்டங்களில் சிறார் உழைப்பு இன்னும் ஒழியவில்லை. நம் கோப்பை தூய்மையாயிருக்க வேண்டுமெனில், அதை விளைவித்த கைகளையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். தென்னிந்தியத் தென்னை, கமுகுத் தோப்புகளில் ஊடுபயிராக விளையும் கோக்கோ கிடைக்குமாயின் அதை முதலில் நாடுவது நன்று.

அளவோடு உண்டு, நன்றியோடு பருகி, பிறர் தட்டைப் பழிக்காதிருக்க வல்ல அல்லாஹ் நம் குடும்பங்களுக்கு அருள் புரிவானாக. ஆமீன்.