'ஃபியர் இனாக்குலம்': பதிப்புக்குப் பதிப்பு மாறும் பாடல்களின் எண்ணிக்கை

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சேர்ந்த 'டூல்' இசைக்குழுவின் 5-ஆவது ஸ்டுடியோ ஆல்பமான 'ஃபியர் இனாக்குலம்', 2019-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30-ஆம் தேதி வெளியானது. 2006-இல் வெளியான '10,000 டேஸ்' ஆல்பத்துக்குப் பிறகு, 13 ஆண்டு இடைவெளியில் வந்த இந்த ஆல்பம், அமெரிக்காவின் பில்போர்டு 200 தரவரிசையில் முதலிடம் பிடித்தது.

இந்த ஆல்பத்தின் டிஜிட்டல் பதிப்புக்கும் குறுந்தகட்டுப் பதிப்புக்கும் இடையே முக்கியமான வேறுபாடு உள்ளது.

பதிவிறக்கம் மற்றும் இணையவழிக் கேட்புக்கான டிஜிட்டல் பதிப்பில் 10 பாடல்கள் உள்ளன. அதன் மொத்த நேரம் சுமார் 86 நிமிடங்கள். குறுந்தகட்டில் 7 பாடல்கள் மட்டுமே உள்ளன. நீண்ட பாடல்களும் சிக்கலான தாளக்கட்டும் புரோகிரசிவ் ராக் இசையின் அடையாளங்கள். அதற்கேற்ப, இந்த 7 பாடல்களில் 6 பாடல்கள் தலா 10 நிமிடங்களுக்கு மேல் நீள்கின்றன. ஓர் இசைக் குறுந்தகட்டில் சுமார் 80 நிமிடங்களே பதிவு செய்ய முடியும் என்பதால், 3 குறு இடையிசைகள் அதில் இடம்பெறவில்லை.

சிறப்புப் பதிப்பில் என்ன உள்ளது?

வெளியீட்டு நாளில் குறுந்தகடு, குறைந்த எண்ணிக்கையிலான சிறப்புப் பதிப்பாகவே விற்பனைக்கு வந்தது. அதன் உறையில் 4 அங்குல உயர்தெளிவுத் திரை, 2 வாட் ஒலிபெருக்கி, மீண்டும் மின்னேற்றக்கூடிய மின்கலம் ஆகியவை பொருத்தப்பட்டிருந்தன. உறையைத் திறந்தால் திரையில் காணொலி ஓடும். மின்னேற்றக் கம்பி, 36 பக்கக் கையேடு, பாடல்களைப் பதிவிறக்குவதற்கான அட்டை ஆகியவையும் உடன் வழங்கப்பட்டன.

அதே ஆண்டின் இறுதியில், திரைக்குப் பதிலாக 5 முப்பரிமாணப் பட அட்டைகளைக் கொண்ட புத்தகப் பதிப்பு வெளியானது. 2022-இல் 5 வினைல் இசைத்தட்டுகள் அடங்கிய பதிப்பு வந்தது. அதில் ஒவ்வொரு தட்டின் ஒரு பக்கத்தில் இசையும் மறுபக்கத்தில் செதுக்கோவியமும் இடம்பெற்றன.

இக்குழுவினர் உறை வடிவமைப்பில் தனிக்கவனம் செலுத்துவது புதிதல்ல. படங்களை முப்பரிமாணத்தில் காண உதவும் கண்ணாடி வில்லைகளுடன் வெளியான '10,000 டேஸ்' ஆல்பத்தின் உறை, கிராமி விருது பெற்றது குறிப்பிடத்தக்கது.

வாங்குவோர் கவனத்துக்கு

சிறப்புப் பதிப்புக்கான கூடுதல் விலை, கூடுதல் பாடல்களுக்கானது அல்ல, உறைக்கானது. திரையும் மின்கலமும் காலப்போக்கில் பழுதாகக்கூடியவை என்பதால், பழைய பிரதியை வாங்குவோர் அவை இயங்குகின்றனவா என முதலில் சோதித்துப் பார்ப்பது நல்லது. அவை செயலிழந்தாலும் குறுந்தகட்டில் உள்ள இசைக்குப் பாதிப்பில்லை. 10 பாடல்களையும் கேட்க விரும்புவோருக்கு டிஜிட்டல் பதிப்பே போதுமானது.