ஆசிரியப் பணியும் அந்தரங்க வாழ்வும்

ஆசிரியர்க்குரிய இலக்கணத்தை வகுத்த பவணந்தி முனிவர், ஆசிரியராகத் தகாதவர் யாவர் என்பதையும் உடன் கூறினார். கழற்பெய் குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்னும் நான்கு உவமைகளைப் பயிற்சிக் கல்லூரியில் மனப்பாடம் செய்யாதார் நம்முள் சிலரே இருத்தல் கூடும். நான்கும் கற்பிக்கும் முறையில் நேரும் குற்றங்களைச் சுட்டுவன. பொறாமை, பேராசை, வஞ்சம் முதலிய குணக்கேடுகளையும் நன்னூலார் விட்டுவிடவில்லை. ஆக, ஒருவர் ஆசிரியராகத் தகுவரா, தகாரா என்னும் வினா மிகப் பழையது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், தன்பால் ஈர்ப்புடைய ஆசிரியர்களை முன்னிறுத்தி அவ்வினா எழுப்பப்பட்ட வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

புளோரிடா மாநிலச் சட்டமன்றம் 1956ஆம் ஆண்டில் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அதனை நடத்தியவர் சார்லி ஜான்ஸ் என்னும் செனட்டர். ஆதலின் மக்கள் அதனை ஜான்ஸ் குழு என்றே அழைத்தனர். கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பை ஒடுக்குவதே அதன் முதல் நோக்கம். அது எளிதில் கைகூடாதபோது, 1958 முதல் புளோரிடா பல்கலைக்கழகத்தின் மீதும், பின்னர்ப் பள்ளிகளின் மீதும் குழு கண் வைத்தது. வழக்கறிஞர் துணையின்றித் தனியறைகளில் ஆசிரியர்கள் வினவப்பட்டனர். உடன் பணியாற்றுவோரைக் காட்டிக் கொடுக்குமாறு வற்புறுத்தப்பட்டனர். பலர் வேலையை இழந்தனர்; சான்றிதழையும் இழந்தனர். குழு 1965இல் கலைந்தது. வேலை போனவர் வேறு வேலை தேடலாம். சான்றிதழ் போனவர்க்கு எந்தப் பள்ளியின் கதவும் திறவாது. இவ்வேறுபாட்டை நம் ஆசிரியர்கள் நன்கறிவர்.

கலிபோர்னியாவில் எழுந்த மாரிசன் வழக்கு இவ்வரலாற்றின் திருப்புமுனை எனலாம். 1963ஆம் ஆண்டில் மாரிசன் என்னும் ஆசிரியருக்கும் உடன் பணியாற்றிய இன்னோர் ஆசிரியருக்கும் ஏறக்குறைய ஒரு வாரக் காலம் உறவு இருந்தது. மறு ஆண்டில் அந்த நண்பரே கல்வி மேலாளரிடம் அதனைக் கூறினார். மாரிசன் பதவி விலகினார். 1966இல் மாநிலக் கல்வி வாரியம், ஒழுக்கக் கேடு என்று காரணம் காட்டி, அவர்தம் கற்பித்தல் சான்றிதழ்களை ரத்துச் செய்தது. மாணவர் எவரிடமும் அவர் தவறாக நடந்தார் என்ற குற்றச்சாட்டே அங்கு இல்லை. வகுப்பறையைப் பற்றியும் எவ்விதக் குறையும் கூறப்படவில்லை.

1969 நவம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் மாரிசனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டோப்ரினர். ‘ஒழுக்கக் கேடு’ என்னும் சொல்லை விருப்பம் போல் விரித்தால் யாரையும் அதில் அடக்கிவிடலாம். ஆதலால் அச்செயல் ஒருவரைக் கற்பிக்கத் தகுதியற்றவர் ஆக்குகிறதா என்பதையே நோக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். மாணவர்க்கும் உடனாசிரியர்க்கும் தீங்கு விளைந்ததா, நிகழ்ந்து எத்தனை காலமாயிற்று, மீண்டும் நிகழுமா என்றெல்லாம் ஆராய வேண்டும் என்றும் தீர்ப்புக் கூறிற்று. ஒரு வாக்கு மாறியிருப்பின் இத்தீர்ப்பு இல்லை!

ஆயினும் ஒரு மாநிலத்தின் தீர்ப்பு மற்றொரு மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது. வாஷிங்டன் மாநிலத்து டகோமா நகரில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் கற்பித்த கேலார்டு என்னும் உயர்நிலைப்பள்ளி ஆசிரியரைப் பற்றி, 1972இல் பழைய மாணவர் ஒருவர் துணைத் தலைமையாசிரியரிடம் தம் ஐயத்தைக் கூறினார். துணைத் தலைமையாசிரியர் ஆசிரியரின் இல்லத்திற்கே சென்று கேட்டார். கேலார்டு மறைக்கவில்லை. அவ்வாண்டு முடிவதற்குள் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். அவர்தம் பணித்திறன் அறிக்கைகள் யாவும் பாராட்டுரைகளாகவே இருந்தன. 1977இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் பணிநீக்கத்தை உறுதி செய்தது. செய்தி வெளிப்பட்ட பின் அவர் பள்ளியில் தொடர்ந்தால் பணி கெடும் என்பது காரணம். செய்தியை வெளிப்படுத்தியது யார்? பணிநீக்கம் செய்த நிருவாகமே அன்றோ? பள்ளி நிருவாகத்தில் இருப்போர் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். ஒருவரைப் பற்றிய பேச்சு நம் அறைக்கு வந்து சேராத ஆண்டு உண்டா? வந்த பேச்சை நாம் என் செய்கிறோம் என்பதில் ஒரு குடும்பத்தின் சோறு அடங்கியுள்ளது.

அடுத்து வந்தது மக்கள் வாக்கெடுப்பு. கலிபோர்னியச் செனட்டர் ஜான் பிரிக்ஸ் 1978இல் ஆறாம் முன்மொழிவைக் கொணர்ந்தார். தன்பால் உறவை ஆதரித்துப் பேசி, அது மாணவர் காதுக்கு எட்டக்கூடுமாயின், பேசிய ஆசிரியரை நீக்கலாம் என்பது அதன் வாசகம். பேசுபவர் தன்பால் ஈர்ப்புடையவராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. தொடக்கத்தில் ஆதரவே மிகுந்திருந்தது. ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. சான் பிரான்சிஸ்கோ நகர மன்ற உறுப்பினர் ஹார்வி மில்க் ஊர் ஊராகச் சென்று வாதிட்டார். வியப்பு யாதெனில், பழைமைவாதியாகிய முன்னாள் ஆளுநர் ரொனால்டு ரேகனும் எதிர்த்தார். மதிப்பெண் குறைந்த மாணவன் சினங்கொண்டு ஆசிரியர் மீது பழி சுமத்தினால் அவர் கதி என்ன என்று அவர் வினவினார். வகுப்பில் நின்றவர்க்கு இவ்வினாவின் கூர்மை புரியும். நவம்பர் 7ஆம் நாள் நூற்றுக்கு 58 பேருக்கு மேல் எதிர்த்து வாக்களித்தனர், முன்மொழிவு வீழ்ந்தது. அதே மாதம் 27ஆம் நாள் மில்க் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதே 1978இல் ஓக்லஹோமா மாநிலம் ஏறத்தாழ இதே சட்டத்தை வாக்கெடுப்பின்றி இயற்றியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1984இல் அதன் பேச்சுரிமையைத் தடுக்கும் பகுதியைச் செல்லாததாக்கியது. மறு ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நான்குக்கு நான்காகப் பிரிந்தமையால் அத்தீர்ப்பே நிலைத்தது.

பாலின ஈர்ப்பைக் காரணம் காட்டி ஒருவரை வேலையினின்று நீக்குவது 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்திற்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் கூறியது 2020 ஜூன் 15ஆம் நாளில்தான். டகோமா ஆசிரியர் தம் வகுப்பறையை இழந்து அப்போது ஏறத்தாழ நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.