பதிவேடு காட்டும் ஆளுமை: சேலம், நாமக்கல் சமவெளிக் குறவர் வரலாறும் ஆளுமைக் கோளாறு மதிப்பீடும்

ஆய்வுச் சுருக்கம்

ஒருவருக்கு ஆளுமைக் கோளாறு உள்ளதா என மதிப்பிடும் மருத்துவ உளவியலாளர், அவருடைய கூற்றை மட்டுமன்றி அவரைப் பற்றிய பதிவுகளையும் சான்றாகக் கொள்கிறார். அப்பதிவுகள் எவ்வாறு தோன்றின என்பது வரலாற்று வினாவாகும். சேலம், நாமக்கல் சமவெளியில் உப்பு வணிகம் செய்த குறவர் பிரிவுகள் குற்றப் பழங்குடியினர் சட்டத்தால் பதிவேட்டுக்கு உள்ளான வரலாற்றை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. நிலையான முகவரியின்மை, மீண்டும் மீண்டும் கைதாதல், இளமைக்கால நடத்தை ஆகிய மதிப்பீட்டு அளவுகோல்கள், சட்டத்தின் விளைவைத் தனிமனிதரின் குணமாகப் படித்துவிடும் இடர் உடையவை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஆளுமைக் கோளாறு, மதிப்பீடு, குற்றப் பழங்குடியினர் சட்டம், உப்புக் குறவர், சீர்மரபினர், சேலம், நாமக்கல்.

முன்னுரை

காய்ச்சல் கண்டவரிடம் நோய் எப்போது தொடங்கியது எனக் கேட்டு விடை பெறலாம். ஆளுமைக் கோளாற்றில் அவ்வினாவிற்கு எளிய விடை கிடைப்பதில்லை. ஒருவர் தம்மையும் பிறரையும் உணரும் முறை, உறவுகளைப் பேணும் முறை, உணர்ச்சிகளைக் கையாளும் முறை ஆகியன நெகிழ்வின்றி நெடுங்காலம் நீடித்து, அவருக்கோ சுற்றியுள்ளோருக்கோ துன்பம் விளைவிக்கும்போது அந்நிலை ஆளுமைக் கோளாறு எனப்படுகிறது. ஆகவே இதனை மதிப்பிடுவோர் ஒரு நாளின் அறிகுறிகளை மட்டும் நோக்காமல், ஒரு வாழ்க்கையின் வரலாற்றையே படிக்க வேண்டியுள்ளது.

வாழ்க்கை வரலாற்றுக்குச் சான்றுகள் வேண்டும். நேர்காணல், உளவியல் சோதனை, குடும்பத்தினர் கூற்று ஆகியவற்றோடு பள்ளி, காவல்துறை, சிறை ஆகியவற்றின் பதிவுகளும் சான்றாகின்றன. பதிவேட்டை எழுதியவர் யார், எந்தச் சட்டத்தின்கீழ் எழுதினார், எதைக் குற்றம் எனக் கொண்டார் என்னும் வினாக்களை எழுப்பாமல் அதனை ஏற்கும்போது, எழுதியவரின் முடிவே மதிப்பீட்டாளரின் முடிவாகிவிடக்கூடும். இதனைத் தெளிவுபடுத்தச் சேலம் வட்டார வரலாறு பொருத்தமான களமாகும்.

உப்பு வழியும் அதன் முடிவும்

சேர்வராயன் மலை, கொல்லிமலை, காவிரி ஆகியவற்றுக்கு இடைப்பட்ட சமவெளி இன்று சேலம், நாமக்கல் என இரு மாவட்டங்களாக உள்ளது. நாமக்கல் 1997ஆம் ஆண்டில் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. அதற்கு முன்னர் இது ஒரே மாவட்டம். கடலற்ற இப்பகுதிக்கு உப்பு வெளியிலிருந்தே வரவேண்டும். பொதி மாடுகளிலும் கழுதைகளிலும் கடற்கரை உப்பை உள்நாட்டு ஊர்களுக்குக் கொணர்ந்து, தானியத்திற்கு மாற்றிச் சென்றவர்களுள் குறவர் பிரிவினர் குறிப்பிடத்தக்கவர். கூடை முடைதலும் கால்நடை வணிகமும் அவர்களுடைய பிற தொழில்கள்.

தமிழக அரசின் சீர்மரபினர் பட்டியலில் உள்ள பெயர்களே இதற்குச் சான்று பகர்கின்றன. சேலம் உப்புக் குறவர், சேலம் மேல்நாட்டுக் குறவர், ஆத்தூர் மேல்நாட்டுக் குறவர், ஆத்தூர் கீழ்நாட்டுக் குறவர் எனும் பெயர்கள் ஊரையும் நிலப்பகுதியையும் சரக்கையும் சுட்டுகின்றன. அவற்றுள் ஒன்றுகூடக் குற்றத்தைச் சுட்டவில்லை. சட்டம் குற்றவாளிகள் என வகுத்தவர்களை மக்கள் வழக்கு வணிகராகவே பெயரிட்டிருந்தது என்பது கருதத்தக்கது.

இவ்வணிகம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நலிந்தது. கிழக்கிந்தியக் கும்பினி 1805ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் தனியுரிமை ஆக்கிக்கொண்டது. 1861ஆம் ஆண்டில் இருப்புப்பாதை சேலத்தை எட்டியது. பொதி மாடு சுமந்த சரக்கை இனி வண்டித்தொடர் சுமந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்தில் சேலம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. மாற்றிக்கொள்ளத் தானியமும் இல்லை, பொதி சுமக்க மாடும் இல்லை என்ற நிலை உருவாயிற்று. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் மூங்கிலுக்கும் மேய்ச்சலுக்கும் தடை விதித்தது. மீனா ராதாகிருஷ்ணா 2001இல் வெளியிட்ட ஆய்வு நூல், சென்னை மாகாணக் குறவரின் வணிக வாழ்வு இத்தகைய கொள்கைகளால் சிதைந்த பின்னரே அவர்கள்மீது பிறவிக் குற்றவாளி என்னும் முத்திரை குத்தப்பட்டதை விரிவாக எடுத்துரைக்கிறது.

1871: இரு வாயில்கள்

1871ஆம் ஆண்டு இருவகையில் நினைக்கத்தக்கது. அவ்வாண்டில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் புதிய மனநோயாளர் காப்பகம் திறக்கப்பட்டது. இன்றைய அரசு மனநலக் காப்பகம் அதன் தொடர்ச்சி. அதே ஆண்டில் குற்றப் பழங்குடியினர் சட்டம், 27ஆம் எண் சட்டமாக, வட இந்தியப் பகுதிகளுக்கு இயற்றப்பட்டது.

காப்பகத்தின் வாயிலில் மனிதர் ஒவ்வொருவராகவே நுழைந்தனர். 1858ஆம் ஆண்டின் 36ஆம் எண் சட்டப்படி ஒருவரை அங்குச் சேர்க்க மருத்துவச் சான்று தேவை. அச்சான்று அந்த ஒருவரைப் பற்றியது. குற்றப் பழங்குடியினர் சட்டத்தின் வாயிலிலோ மக்கள் கூட்டமாக நுழைக்கப்பட்டனர். ஒரு குழு பிணையில் விடவியலாத குற்றங்களைத் தொடர்ந்து செய்வதற்கு அடிமைப்பட்டது என அரசு கருதினால், அக்குழு முழுவதையும் அறிவிக்கை செய்யலாம். அடிமைப்படுதல் என்பது தனிமனிதரின் உள இயல்பைக் குறிக்கும் சொல். சட்டமோ அதனை ஒரு சமூகத்தின்மேல் ஏற்றியது. அறிவிக்கை சரியா என நீதிமன்றம் வினவவும் இடமில்லை.

இச்சட்டம் 1911ஆம் ஆண்டின் 3ஆம் எண் சட்டம் வழியாகச் சென்னை மாகாணத்திற்கு வந்து, 1924ஆம் ஆண்டின் 6ஆம் எண் சட்டத்தில் தொகுக்கப்பட்டது. அதற்கு முன்னரே களம் ஆயத்தமாக இருந்தது. முல்லாலி என்னும் காவல் அதிகாரி சென்னை மாகாணக் குற்ற வகுப்புகளைப் பற்றிய தம் குறிப்புகளை 1892இல் நூலாக வெளியிட்டார். எட்கர் தர்ஸ்டன் க. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் ஏழு தொகுதி நூலும் சமூகங்களுக்குக் குணம் கற்பிக்கும் விவரணைகளைத் தாங்கியிருந்தது.

ஐரோப்பியக் குணவியலின் நிழல்

இக்காலத்தில் ஐரோப்பிய மருத்துவமும் குணத்தை நோயாகக் காணும் முயற்சியில் ஈடுபட்டிருந்தது. பிரிச்சர்டு 1835இல் அறிவு கெடாமல் ஒழுக்க உணர்வு மட்டும் சிதையும் நிலையை விவரித்தார். லொம்புரோசோ 1876இல் பிறவிக் குற்றவாளி என்னும் கருத்துக்கு அடித்தளமிட்டார். குர்ட் ஷ்னைடர் 1923இல், தம் இயல்பால் தாமே துன்புறுவோரையும் பிறரைத் துன்புறுத்துவோரையும் ஒரே வகைப்பாட்டில் அடக்கினார்.

ஷ்னைடரின் விளக்கத்தின் பிற்பகுதி கருதத்தக்கது. துன்புறும் சமூகம் எது, அதன் சார்பில் பேசுவோர் யார் என்பதைப் பொறுத்தே தீர்ப்பு அமையும். சேலம் சமவெளியில் அவ்வாறு பேசும் உரிமை காவல் அதிகாரியிடமும் ஊர் அலுவலரிடமும் இருந்தது; உப்புச் சுமந்தவரிடம் இல்லை. ஐரோப்பியக் கோட்பாடுகள் நேரடியாக இச்சட்டத்தை உருவாக்கின எனக் கூறுவது இங்கு நோக்கமன்று. செயலிலிருந்து குணத்தையும், குணத்திலிருந்து வருங்காலச் செயலையும் ஊகிக்கும் ஒரே வகைத் தருக்கம் இரண்டிலும் இயங்கியது என்பதே இங்கு வலியுறுத்தப்படுகிறது.

அளவுகோல்களும் சட்டத்தின் விளைவுகளும்

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980இல் வெளியிட்ட கையேட்டின் மூன்றாம் பதிப்பு, ஆளுமைக் கோளாறுகளுக்குத் தெளிவான அளவுகோல்களை வகுத்துத் துறையின் போக்கை மாற்றியது. அதில் சமூக விரோத ஆளுமைக் கோளாற்றுக்குரிய மூன்று கூறுகளைச் சேலம் வரலாற்றோடு ஒப்பிட்டுக் காணலாம்.

முதலாவது, இடம் பெயர்தல். முன்னேற்பாடான வேலையின்றி ஊர் ஊராகச் செல்லுதலும், ஒரு மாதமோ அதற்கு மேலோ நிலையான முகவரியின்றி இருத்தலும் 1980ஆம் ஆண்டுப் பதிப்பிலும் 1987ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பிலும் திட்டமின்மையின் அடையாளங்களாகக் கொள்ளப்பட்டன. பொதி மாட்டு வணிகருக்கு ஊர் ஊராகச் செல்வதே திட்டம். 1994ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பில் இவ்வடையாளங்கள் அளவுகோலில் இடம்பெறவில்லை. திட்டமிட இயலாமை என்னும் பொதுக்கூறு மட்டும் எஞ்சியது.

இரண்டாவது, கைதுக்குரிய செயல்களை மீண்டும் மீண்டும் செய்தல். குற்றப் பழங்குடியினர் சட்டத்தின்கீழ்ப் பதிவானவர் கைரேகை அளிக்கவும், குறித்த வேளைகளில் நேரில் தோன்றவும், வசிப்பிட மாற்றத்தை அறிவிக்கவும் கட்டளையிடப்பட்டார். இவற்றை மீறுவதே தண்டனைக்குரியது. பிறருக்கு இயல்பான ஒரு பயணம் இவருக்குக் குற்றமாயிற்று. இத்தகைய கைதுகளின் எண்ணிக்கை சட்டத்தின் கடுமையைக் காட்டுமேயன்றி, மனிதரின் மனச்சான்றைக் காட்டாது.

மூன்றாவது, இளமைக்கால நடத்தை. பதினைந்து வயதுக்கு முன்னரே நடத்தைக் கோளாற்றின் அறிகுறிகள் தோன்றியிருக்க வேண்டும் என்பது அக்கையேட்டின் நிபந்தனை. குற்றப் பழங்குடியினர் சட்டமோ பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொழிற்பள்ளியிலும் சீர்திருத்தப் பள்ளியிலும் சேர்க்க அரசுக்கு அதிகாரம் அளித்தது. அங்கிருந்து தாயைத் தேடி ஓடிய சிறுவனின் செயல் பதிவேட்டில் தப்பியோடுதல் என்றே எழுதப்படும். பிரிவின் துயரத்தைக் குறிக்க அதில் இடமில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் முயற்சியில் உருவான பன்னாட்டு ஆளுமைக் கோளாறு ஆய்வுமுறையின் கள ஆய்வு 1994இல் வெளியாயிற்று. அதில் பங்கேற்ற மையங்களுள் பெங்களூரும் ஒன்று. ஒரு பண்பு ஐந்தாண்டுகளாவது நீடித்திருக்க வேண்டும். கோளாற்றின் ஒரு கூறேனும் இருபத்தைந்து வயதுக்கு முன் தோன்றியிருக்க வேண்டும் என்பன அம்முறையின் விதிகள். ஆயினும் நீடித்தல் மட்டுமே குணத்திற்குச் சான்றாகாது. ஒரு சட்டம் முப்பத்தைந்து ஆண்டுகள் நீடித்தால், அதன் அழுத்தத்திற்கு மக்கள் காட்டும் எதிர்வினையும் அவ்வளவு காலம் நீடிக்கும்.

எதிர்வாதமும் வரம்பும்

சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் 1952இல் நீக்கப்பட்டது. மேற்கண்ட அளவுகோல்களோ 1980இல் தோன்றின. எனவே ஒன்றால் மற்றொன்றைச் சோதிப்பது பொருந்துமா என வினவலாம். பதிவேட்டு மரபு அந்த ஆண்டோடு முடியவில்லை என்பதே இதற்கு விடை. 1948இல் சென்னை மாகாணம் வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. குழுவுக்கு மாற்றாகத் தனிமனிதரை அது அலகாகக் கொண்டது ஒரு முன்னேற்றமே. எனினும் முன்தண்டனைகளின் எண்ணிக்கையே அதன் அடிப்படை. தேசிய மனித உரிமை ஆணையம் இத்தகைய சட்டங்களை நீக்குமாறு 2000இல் பரிந்துரைத்தது. சிறைக் கையேடுகளில் சீர்மரபினரை வழக்கமான குற்றவாளிகளாகச் சுட்டும் விதிகளை உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் செல்லாதவை ஆக்கியது. அத்தகைய விதிகள் அதுவரை நடைமுறை நூல்களில் இருந்தன என்பதற்கு அத்தீர்ப்பே சான்றாகும்.

மற்றோர் எதிர்வாதமும் உண்டு. எல்லாவற்றையும் வரலாற்றின்மேல் ஏற்றினால், ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்து உண்மையிலேயே ஆளுமைக் கோளாற்றால் துன்புறுபவர் சிகிச்சையை இழப்பார். இவ்வாதம் ஏற்கத்தக்கது. சமூகத்தின் பெயரால் ஒருவருக்கு நோய் கற்பிப்பது பிழையாவது போன்றே, சமூகத்தின் பெயரால் அவருடைய நோயை மறுப்பதும் பிழையாகும். இரண்டும் அம்மனிதரைக் காணத் தவறுகின்றன.

மதிப்பீட்டுக்கான பரிந்துரைகள்

2022 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டின் பதினொன்றாம் பதிப்பு, ஆளுமைக் கோளாற்றைப் பழைய வகைப் பெயர்களால் அன்றி, கடுமையின் அளவாலும் மேலோங்கிய பண்புகளாலும் விளக்குகிறது. சமூக, பண்பாட்டுக் காரணிகளாலும் சமூக அரசியல் மோதலாலும் முதன்மையாக விளக்கத்தக்க நடத்தையை அது ஆளுமைக் கோளாறாகக் கொள்வதில்லை. இவ்விலக்கை மதிப்பீட்டின் இறுதியில் சேர்க்கும் குறிப்பாகக் கருதாமல், முதல் வினாவாகக் கொள்ளுதல் வேண்டும்.

அதற்கு நான்கு நடைமுறைகள் உதவும். முதலாவது, ஒவ்வொரு கைதுப் பதிவிலும் பிறருக்குத் தீங்கு விளைத்த செயலையும், ஆணை மீறல் போன்ற சட்ட நிலைசார்ந்த குற்றத்தையும் பிரித்தறிதல். இரண்டாவது, காவல் நிலையச் சரித்திரப் பதிவேட்டை ஒருவரின் வாழ்க்கை வரலாறாகக் கொள்ளாமல், அதனை எழுதிய நிறுவனத்தின் ஆவணமாகப் படித்தல். மூன்றாவது, குடும்பத்தினரிடமும் தொழில்வழி அறிந்தோரிடமும் தனித்தனியே கேட்டல்; காவல்துறையிடம் ஒருவிதமாகவும் உறவினரிடம் வேறுவிதமாகவும் ஒருவர் நடந்துகொள்வாராயின், அந்நடத்தை எல்லாச் சூழலிலும் பரவியது எனல் இயலாது. நான்காவது, இடம்பெயர்வின் காரணத்தை அவர் வாய்மொழியாகவே கேட்டறிதல்.

முடிவுரை

அறிவிக்கை நீக்கப்பட்ட மக்களுக்குத் தமிழில் சீர்மரபினர் என்னும் சொல் வழங்குகிறது. இழிவை நீக்கும் நன்னோக்கில் அமைந்த சொல்லாயினும், சீர்பெற்றவர் எனும் பொருளில் அதனைக் கொண்டால் முன்பு சீரற்றிருந்தோர் எனும் எண்ணம் அதனுள் தங்கிவிடும். உப்புக் குறவர் என்னும் பழம்பெயருக்கு அத்தகைய சுமை இல்லை; அது செய்த தொழிலை மட்டுமே சொல்கிறது.

ஆளுமைக் கோளாறு மதிப்பீடு தனிமனிதரைத் தனிமனிதராகக் காண்பதற்கென உருவான முறை. பதிவேடு முன்முடிவோடு எழுதப்பட்டிருக்குமாயின், சிறந்த சோதனையும் அம்முடிவையே எதிரொலிக்கும். எனவே ஒருவரின் வாழ்க்கை வரலாற்றைக் கேட்கும் மருத்துவ உளவியலாளர், அவரைப் பற்றிய பதிவின் வரலாற்றையும் உடன் கேட்க வேண்டும். சேலம், நாமக்கல் மாவட்டங்களின் காவல் ஆவணங்களையும் சீர்மரபினரின் வாய்மொழி வரலாறுகளையும் ஒருங்கே வைத்து ஆராய்வது, வரலாற்றுத் துறையும் உளவியல் துறையும் இணைந்து மேற்கொள்ளத்தக்க அடுத்த பணியாகும்.