ஒரே 'தட்', இரண்டு வேலை



போன தேர்வில் எனக்கு இரண்டு மதிப்பெண் போனது 'தட்' என்ற ஒரே சொல்லால். 'தி நியூஸ் தட் ஹி வன்'. இதில் 'தட் ஹி வன்' எந்த வகைக் கிளைவாக்கியம் என்று கேட்டிருந்தார்கள். பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வருகிறதே என்று 'ரிலேட்டிவ் க்ளாஸ்' என எழுதினேன். விடை 'நவுன் க்ளாஸ்'. கடுப்பில் நூலகத்தில் ஆங்கில மொழி வரலாற்றைப் புரட்டினேன். என் குழப்பத்துக்குக் கிட்டத்தட்ட 800 வயது என்று தெரிந்தது :-)

சுமார் 1100க்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் 'அந்த' என்பதற்குப் பால்வாரியாக மூன்று வடிவங்கள்: ஆண்பாலுக்கு 'ஸே', பெண்பாலுக்கு 'ஸேயோ', மூன்றாம் பாலுக்கு 'தட்'. (பெண்ணைக் குறித்த 'வீஃப்' என்ற சொல்லே மூன்றாம் பால். அவர்கள் கணக்கு அப்படி!)

நவுன் க்ளாஸைத் தொடங்கி வைத்தது அன்றும் 'தட்' தான். "எனக்கு அது தெரியும், அவன் வந்தான்" என்று இரண்டாக இருந்த வாக்கியங்கள் ஒட்டிக்கொண்டதில் அந்த 'அது' இணைப்புச் சொல்லாகிவிட்டது என்பது பொதுவாகத் தரப்படும் விளக்கம். ரிலேட்டிவ் க்ளாஸுக்கோ 'தெ' என்று தனியாக ஒரு சின்னச் சொல் இருந்தது. மேலே சொன்ன மூன்று வடிவங்களும் அந்த வேலையைச் செய்தன. ஆனால் 'தட்' மூன்றாம் பாலோடு நின்றுகொண்டது.

பிறகு பால் வேறுபாடு தேய்ந்தது. 'ஸே' இருந்த இடத்துக்கு 'தெ' என்ற வடிவம் வந்து, இன்றைய 'தி' ஆனது. ஒரே ஒலியில் இரண்டு சொற்கள் இருந்தால் ஒன்று ஒதுங்கத்தானே வேண்டும்? 13ஆம் நூற்றாண்டு வாக்கில் பழைய 'தெ'யின் வேலையும் 'தட்' தலையில் விழுந்தது. அன்று முதல் ஒரே ஆள், இரண்டு சம்பளம்.

கேள்விச் சொற்களான 'விச்', 'ஹூ' இரண்டும் ரிலேட்டிவ் வேலைக்குப் பின்னால் வந்து சேர்ந்தவை. 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் பைபிளில் மனிதர்களுக்கும் 'விச்' வரும். இந்த வரிசை மறந்துபோய், 1711இல் ரிச்சர்ட் ஸ்டீல் 'ஸ்பெக்டேட்டர்' இதழில் ஒரு வேடிக்கை மனு எழுதினார். எங்கள் இடத்தை 'தட்' பறித்துக்கொண்டது என்று 'ஹூ'வும் 'விச்'சும் புலம்புகின்றன! மூத்தவரைப் பார்த்து இளையவர்கள் போடும் வழக்கு. அடுத்த சில நாளில் 'தட்' பதில் சொல்வதாகவும் அதே இதழில் வந்தது.

அந்த வழக்கில்தான் என் இரண்டு மதிப்பெண் ஒளிந்திருந்தது. 'விச்' உரிமை கேட்க முடிந்தது ரிலேட்டிவ் வேலைக்கு மட்டும்தான். 'தி நியூஸ் தட் ஹி ப்ராட்' என்பதில் 'விச்' போட்டால் பொருந்தும். 'ப்ராட்' என்றால் எதைக் கொண்டுவந்தான்? செய்தியை. அந்தச் செய்திக்கான இடம் உள்ளே காலியாக இருக்கிறது. 'தட் ஹி வன்' என்பதிலோ உள்ளே காலியிடம் இல்லை. அவன் வென்றான், அதுவே செய்தி. அங்கே 'விச்' போட்டால், அவன் பரிசாகச் செய்தியை வென்ற மாதிரி ஆகிவிடும்.

தமிழில் யோசித்திருந்தால் தப்பித்திருப்பேன். அவன் கொண்டுவந்த செய்தி; அவன் வென்றான் என்ற செய்தி. நமக்கு அந்த 'என்ற' காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஆனால் 'தி ரூமர் தட் ஹி ஃபர்காட்' என்று வந்தால்? அவன் மறந்த வதந்தியா, அவன் மறந்துவிட்டான் என்ற வதந்தியா? முழு வாக்கியத்தையும் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. நல்லவேளை, இதைத் தேர்வில் கேட்கவில்லை.